ரெனிஸ் ஆசான் டொக்டர் ஜோன்சன்

அமெரிக்க டொக்டர் என்று சொன்னவுடன் யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு நினைவில் எழுகின்றவர் மானிப்பாய் டொக்டர் சாமுவேல் கிறீன் அவர்களே. 1847 ஆம் ஆண்டில் இம்மண்ணுக்கு வந்து, மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழ் வைத்தியர் பரம்பரை ஒன்றை உண்டாக்கிச் சென்ற அப்பெரியாரை நம் மூத்தோர் இன்றும் நன்றியுடன் நினைவுகூருவர். தாம் அறிந்ததைத் தம்மோடு வைத்துக் கொள்ளாது பிறர் பிள்ளைகளுக்கு ஊட்டினார் என்பதே அவருடைய தனிப் பெருமை. அதே அமெரிக்க நாட்டிலே, அடுத்த நூற்றாண்டிலே, அக்குணம் வாய்ந்த மற்றுமொரு டொக்டர் வாழ்ந்தார். அவர் தமது வீட்டு வளவிலே ரெனிஸ் திடல் ஒன்றை அமைத்து, பொதுத் திடல்களுக்குள் கால் வைக்கவும் அனுமதி பெறாத கறுப்பினத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவ்விளையாட்டின் அரிச்சுவடியைக் கற்பித்தார். அவ்வளவிலே பயின்றவர்களுள் இருவர் பின்னாளில் விம்பிள்டன் வெற்றிக் கிண்ணத்தைக் கையில் ஏந்தினர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ரெனிஸ் விளையாட்டுக்குத் தந்தை என்று போற்றப்படும் டொக்டர் றொபேட் வால்ற்றர் ஜோன்சன் அவர்களின் வாழ்க்கையை நம் சங்க அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று.

பிறப்பும் கல்வியும்

ஜோன்சன் 1899 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16 ஆம் திகதி வேர்ஜீனியா மாநிலத்தின் துறைமுக நகரமாகிய நோர்போக்கிலே பிறந்தார். வளர்ந்தது வட கரோலைனா மாநிலத்தின் பிளிமத் என்னும் சிற்றூரில். அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறையே கடந்திருந்த காலம் அது. சட்டம் விடுதலை தந்திருந்தது. வழக்கமும் புதிய சட்டங்களும் அதனைப் பறித்துக் கொண்டிருந்தன. வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு வேறொரு பள்ளிக்கூடம். பேருந்தில் முன்னிருக்கை ஒருவருக்கு, பின்னிருக்கை மற்றவருக்கு. குடிதண்ணீர்க் குழாய்க்குங்கூட நிறம் பார்த்தார்கள். கிணற்றுக்குச் சாதி பார்த்த ஊரிலே பிறந்த நமக்கு இது விளங்காத கதையன்று.

கறுப்பின மாணவருக்கென நிறுவப்பட்ட பென்சில்வேனியா லிங்கன் பல்கலைக்கழகத்திலே அவர் கல்வி பயின்றார். அங்கே அவர் பெயர் பெற்றது அமெரிக்க உதைபந்தாட்டத்திலே. பந்தைக் கையிலே அணைத்துக் கொண்டு எதிரிகளை இடித்துத் தள்ளி ஓடும் முரட்டு விளையாட்டு அது. அவர் ஓடிய வேகத்தைக் கண்டு நண்பர்கள் சூறாவளி என்று பட்டப் பெயர் சூட்டினர்; அப்பெயர் வாழ்நாள் முழுவதும் அவரோடு நிலைத்தது. பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் கல்லூரிகளில் உதைபந்தாட்டப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். பின்னர் வைத்தியம் கற்க விரும்பி, நாஷ்வில் நகரின் மெஹரி வைத்தியக் கல்லூரியிலே சேர்ந்து 1932 ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்று வெளியேறினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

அதன்பின் வேர்ஜீனியாவின் லிஞ்ச்பேர்க் நகரிலே குடியேறி வைத்தியத் தொழிலைத் தொடங்கினார். அந்நகரப் பொது வைத்தியசாலையிலே தொழில் செய்யும் உரிமை பெற்ற முதலாவது கறுப்பின வைத்தியர் அவரே. அவரிடம் வருவோர் நாளுக்கு நாள் பெருகினர். கையிலே பணமும் சேர்ந்தது. இவ்வளவோடு நின்றிருந்தாலும் ஊராருக்கு உதவிய நல்ல வைத்தியர் என்று அவரை அந்நகரம் நினைவில் வைத்திருக்கும்.

முப்பது வயதுக்கு மேல் ஒரு புதிய பாடம்

சிறு வயதிலே மட்டை பிடிக்காதவன் ரெனிஸ் விளையாட்டிலே தேறமாட்டான் என்பது பொதுவான எண்ணம். டொக்டர் ஜோன்சன் ரெனிஸ் மட்டையைக் கையில் எடுத்ததோ வைத்தியப் பயிற்சி முடியும் காலத்தில், முப்பது வயதைத் தாண்டிய பின்னர். உதைபந்துத் திடலிலே அவருக்குக் கைகொடுத்த உடல்வலிமை இங்கே போதவில்லை. ரெனிஸ் திடலின் நீளம் 78 அடி. ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது அகலம் 27 அடி. நடுவிலே தொங்கும் வலையின் உயரம் 3 அடி. வலைக்கு மேலாகச் செல்லவேண்டும், எல்லைக் கோட்டுக்கு உள்ளே விழவேண்டும் என்ற இரண்டு கட்டளைகளுக்கும் அடங்கியே பந்து பறக்கவேண்டும். ஓங்கி அடித்தவன் தோற்பதும், அளந்து அடித்தவன் வெல்வதும் இவ்விளையாட்டில் அன்றாடக் காட்சி.

வளர்ந்த பின் கற்றதனால் அவருக்கு ஒரு நன்மை உண்டாயிற்று. குழந்தையாகக் கற்றவனுக்குத் தான் எப்படிக் கற்றான் என்பது நினைவில் இராது. அறிவு முதிர்ந்தபின் ஒவ்வோர் அடியாக முயன்று கற்றவனுக்கோ, எந்த இடத்திலே கால் தவறும், எந்த இடத்திலே கண் பிசகும் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும். தொடக்கக்காரரின் இடர்களை அறிந்த ஆசானாக அவர் விளங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

லிஞ்ச்பேர்க் நகரின் பியர்ஸ் வீதியிலே தமது வீட்டின் அருகே களிமண் திடல் ஒன்றை அமைத்தார். 1881 இல் தோன்றிய அமெரிக்க ரெனிஸ் சங்கத்தின் போட்டிகளிலே கறுப்பருக்கு இடம் இல்லாதிருந்தபடியால், அம்மக்கள் 1916 ஆம் ஆண்டில் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தனர். அச்சங்கத்தின் ஆட்டக்காரர் பலர் விடுமுறை நாள்களிலே டொக்டரின் வளவுக்கு வந்து ஆடுவதும், அவர் வீட்டிலே உண்டு உறங்கிச் செல்வதும் வழக்கமாயிற்று. அதே வீதியிலேதான் கவிஞர் ஆன் ஸ்பென்சர் அம்மையாரும் வாழ்ந்தார். வெளியுலகம் கதவடைத்த காலத்திலே அவ்வீதியிலே கவிதையும் வளர்ந்தது, விளையாட்டும் வளர்ந்தது.

அல்தியா கிப்சன்

1946 ஆம் ஆண்டு கறுப்பினச் சங்கத்தின் தேசியப் போட்டி ஒஹாயோ மாநிலத்திலே நடைபெற்றது. பெண்கள் இறுதியாட்டத்திலே ஆடி, உயர்ந்து மெலிந்த ஒரு பெண் தோற்றாள். நியூயோர்க்கின் ஹார்லம் பகுதித் தெருக்களிலே வளர்ந்து, பள்ளிக்கூடத்தை இடையிலே விட்டுவிட்ட அல்தியா கிப்சன் என்பவளே அவள். வென்றவளை எல்லாரும் பாராட்டிக் கொண்டிருக்க, தோற்றவளைக் கவனித்துக் கொண்டிருந்தனர் இரண்டு வைத்தியர்கள். ஒருவர் டொக்டர் ஜோன்சன். மற்றவர் வட கரோலைனாவின் வில்மிங்டன் நகரத்து டொக்டர் ஹியூபேட் ஈற்றன்.

இருவரும் கலந்து பேசி ஓர் ஏற்பாடு செய்தனர். பள்ளி நடக்கும் மாதங்களிலே அல்தியா ஈற்றன் வீட்டில் தங்கி, விட்ட படிப்பைத் தொடரவேண்டும். கோடை விடுமுறையிலே ஜோன்சன் வீட்டில் தங்கி, ரெனிஸ் பயின்று போட்டிகளுக்குச் செல்லவேண்டும். விளையாட்டுக்காகப் படிப்பையோ, படிப்புக்காக விளையாட்டையோ கைவிடலாகாது என்பது அவர்களுடைய உறுதி. தன்னிலும் பல வயது இளையவர்களோடு வகுப்பிலே அமர்ந்து, 1949 ஆம் ஆண்டில் அல்தியா உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தாள். கோடை தோறும் டொக்டர் தமது காரிலே அவளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். கலப்பு இரட்டையர் ஆட்டத்திலே அவரே அவளுக்குத் துணையாக நின்று, கறுப்பினச் சங்கத்தின் தேசியப் பட்டத்தைப் பல ஆண்டுகள் வென்றார்.

1950 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் போட்டியின் கதவு அல்தியாவுக்குத் திறந்தது. அங்கே ஆடிய முதற் கறுப்பினத்தவர் அவரே. 1956 இல் பிரெஞ்சுப் பட்டம். 1957, 1958 ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் பட்டமும் அமெரிக்கப் பட்டமும் அவருக்குக் கிட்டின. 1957 இல் எலிசபெத் மகாராணியார் தம் கையாலேயே விம்பிள்டன் பரிசை வழங்கினார். இவ்வெற்றிகளுக்குச் சற்று முன்னர், 1955 இன் இறுதியிலே அமெரிக்க அரசு ஆசிய நாடுகளுக்கு அனுப்பிய நல்லெண்ணக் குழுவிலே அல்தியாவும் ஒருவர். பர்மா, இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகளோடு நமது இலங்கையும் அப்பயணத்திலே இடம்பெற்றது. பியர்ஸ் வீதி வளவிலே மெருகேறிய ஆட்டத்தை நம் நாட்டு மக்களும் கண்டனர் என்பதில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

தோல்வியிலே தொடங்கிய பள்ளிக்கூடம்

அல்தியாவின் வெற்றி ஒரு தனி மலரின் வெற்றி. தோட்டம் ஒன்றை உண்டாக்குவது வேறு வேலை. அந்த வேலைக்கு டொக்டரைத் தூண்டியது ஒரு பெருந்தோல்வியாகும்.

லிஞ்ச்பேர்க்குக்கு அண்மையில் உள்ள சார்லற்ஸ்வில் நகரிலே, வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத் திடல்களிலே, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தேசிய ரெனிஸ் போட்டி ஆண்டு தோறும் நடைபெற்று வந்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வெள்ளையின மாணவர்கள் வந்து ஆடினர். கறுப்பின மாணவன் ஒருவனும் அதில் இல்லை. அப்போட்டியைப் பார்க்கச் சென்ற டொக்டர் ஜோன்சன், ஆட்டம் முடிந்ததும் பேசாமல் வீடு திரும்பவில்லை. போட்டி நடத்தும் அதிகாரியை நேரிலே கண்டு, தம் இனத்து மாணவர்களுக்கும் இடம் தரவேண்டும் என்று மரியாதையாகவும் உறுதியாகவும் கேட்டார். அவரும் இசைந்தார். அவ்வாறே 1951 ஆம் ஆண்டில் இரண்டு கறுப்பின மாணவர்கள் அப்போட்டியிலே இறங்கினர். இருவரும் முதற் சுற்றிலேயே படுதோல்வி அடைந்தனர்.

கதவு திறந்துவிட்டது, உள்ளே நுழைந்தவர்களால் நிற்க முடியவில்லை. இவ்விடத்தில் மனம் உடைந்து போவோரும் உண்டு; திறந்தது போதும் என்று திருப்தி அடைவோரும் உண்டு. டொக்டர் வேறு விதமாக ஆராய்ந்தார். தோற்ற பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை. வெள்ளையினப் பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதிலிருந்தே நல்ல திடலிலே, நல்ல ஆசானிடம், நல்ல எதிராளிகளோடு ஆடிப் பழகியவர்கள். தம் பிள்ளைகளுக்குக் கிடையாதவை இம்மூன்றுமே என்று கண்டார். அவற்றைத் தாமே கொடுப்பதென்று தீர்மானித்தார். கறுப்பினச் சங்கத்தின் இளையோர் பயிற்சித் திட்டம் அவர் வீட்டு வளவிலே இவ்வாறு உருவாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. சார்லற்ஸ்வில் பட்டத்தைத் தம் மாணவன் ஒருவன் வெல்லவேண்டும் என்பதே அவர் மனத்திற் கொண்ட இலக்கு.

வளவிலே ஒரு குருகுலம்

கோடை விடுமுறை வந்ததும் பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் அவர் வீட்டுக்கு வருவர். உணவும் உறையுளும் அங்கேயே. செலவின் பெரும்பகுதி டொக்டரின் வைத்திய வருவாயிலிருந்து வந்தது. நண்பர்களான வேறு சில கறுப்பின வைத்தியர்களும் உதவினர். நம் முன்னோர் கூறும் குருகுல வாசத்தை அப்படியே நினைவூட்டுவது அவ்வீட்டு ஒழுங்கு. பிள்ளைகள் பூச்செடிகளுக்குக் களை பிடுங்கினர். திடலைப் பெருக்கிச் செப்பனிட்டனர். வீட்டு நாய்களின் கூட்டைக் கழுவினர். மிக இளையவனுக்கே நாய்க்கூடு கழுவும் வேலை விழுவது வழக்கம். குருவின் வீட்டிலே விறகு பொறுக்கிய சீடர் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதிலே வியப்பில்லை.

பயிற்சியின் முதற்பாடம் மட்டையிலே தொடங்கவில்லை. தும்புத்தடிக் கம்பு ஒன்றைக் கையில் கொடுத்து, அதனாலே பந்தை அடிக்கச் சொல்வார். விரல் இரண்டு அகலங்கூட இல்லாத கம்பிலே பந்து படவேண்டுமானால், பந்து கையை விட்டுப் புறப்பட்ட கணம் தொடக்கம் கம்பிலே படும் வரை கண் அதனை விட்டு அகலலாகாது. கம்பாலே அடிக்கப் பழகியவனுக்கு அகன்ற மட்டை கையில் வந்ததும் பந்து தானாகவே நடுவிலே வந்து விழுவது போலத் தோன்றும். தொடக்கக்காரர் பலரும் செய்யும் பிழை, பந்து வருமுன்பே அது போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பார்த்துவிடுவது. அப்பிழையை வாயாற் கண்டித்து மாற்றுவது கடினம். கம்பு தானே மாற்றிவிடும்.

அடுத்த ஆசான் சுவர். சுவர் ஒருபோதும் பிழை விடாது; களைப்படையாது; எவ்வளவு வேகமாக அடிக்கிறோமோ அவ்வளவு வேகமாகத் திருப்பித் தரும். காலையிலே பிள்ளைகள் சுவரின் முன் நின்று நூற்றுக்கணக்கான முறை பந்தை அடிப்பர். உடலை ஒருக்களித்துத் திருப்புதல், மட்டையை முன்னதாகவே பின்னுக்கு எடுத்தல், பந்து உடலுக்கு முன்னே வரும்போது அடித்தல், அடித்தபின் கையைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் வீசி முடித்தல் என்னும் அடிப்படைகள் இவ்வாறு பழக்கமாகவே உடம்பிலே ஊறும். வலப்பக்கத்து அடி பொதுவாக எவருக்கும் விரைவிலே வரும். இடப்பக்கத்து அடியே தொடக்கக்காரரைச் சோதிப்பது. அதனாலேயே எதிராளியின் இடப்பக்கத்துக்கே பந்தை மீண்டும் மீண்டும் அனுப்பும்படியும், தம்முடைய இடப்பக்கத்தை அதற்கேற்ற அரணாக ஆக்கிக் கொள்ளும்படியும் டொக்டர் பயிற்றினார். ஒரே அடியிலே வெல்ல முயலாமல், எதிராளி அடிப்பதிலும் ஒருமுறை கூடுதலாகப் பந்தை வலைக்கு அப்பால் அனுப்புவதே இளையோருக்கு அவர் கற்பித்த போர்முறை.

திடலுக்கு வெளியேயும் பாடம் தொடர்ந்தது. காய்கறி உண்ணவேண்டும், தின்பண்டங்களைக் குறைக்கவேண்டும், உணவு மேசையிலே ஒழுங்காக அமர்ந்து உண்ணவேண்டும், உடை தூய்மையாக இருக்கவேண்டும், மட்டையை நிலத்திலே எறிதல் கூடாது, நடுவரோடு வாதாடுதல் கூடாது. எல்லாவற்றிலும் கடினமான விதி ஒன்று உண்டு. எதிராளி அடித்த பந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் வரையில் விழுந்தாலும், அதனை உள்ளே விழுந்ததாகவே கொண்டு ஆடவேண்டும். இளையோர் போட்டிகளிலே கோட்டைக் கவனித்துச் சொல்வோர் பெரும்பாலும் ஆட்டக்காரரே. கறுப்பினப் பிள்ளை ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லி, திறந்த கதவை மீண்டும் அடைத்துவிட ஒரு சாட்டுக் கிடைத்தாற் போதும் என்று காத்திருந்தோர் பலர். அந்தச் சாட்டை ஒருவருக்கும் கொடுக்கலாகாது என்பதே டொக்டரின் எண்ணம்.

ஆதர் ஆஷ்

1953 ஆம் ஆண்டுக் கோடையிலே ரிச்மண்ட் நகரிலிருந்து பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வீட்டுக்கு வந்தான். மிக மெலிந்த உடம்பு. ஆறு வயதிலே தாயை இழந்தவன். தந்தையார் கறுப்பினத்தாருக்குரிய விளையாட்டு மைதானம் ஒன்றின் காவலாளர். அவனே ஆதர் ஆஷ். ரிச்மண்டிலே அவனுக்கு முதன்முதல் மட்டை பிடிக்கக் கற்பித்தவர் றொன் சரிற்றி என்னும் இளைஞர். லிஞ்ச்பேர்க்கில் வேறு முறையிலே பிடிக்கச் சொன்னபோது, சரிற்றி கற்பித்தது இவ்வாறல்ல என்று சிறுவன் பிடிவாதம் செய்தான். டொக்டர் அவனோடு வாதாடவில்லை. தந்தையாருக்குச் சொல்லி அனுப்பினார். தந்தையார் காரோட்டிக் கொண்டு வந்து, இங்கே இருப்பதானால் டொக்டர் சொல்வதைக் கேட்டு இரு, இல்லையேல் வீட்டுக்கு வா என்ற கருத்துப்படச் சில வார்த்தைகள் மட்டுமே பேசினார். அதன்பின் ஆஷ் வாய் திறக்கவில்லை. நாய்க்கூட்டையும் கழுவினான், சுவரின் முன்பும் நின்றான்.

கோடை தோறும் அவன் அங்கே வந்தான். ரிச்மண்டின் நல்ல திடல்கள் வெள்ளையருக்கே உரியவையாயிருந்தமையாலும், குளிர்காலத்திலே ஆட உள்ளரங்கம் கிடையாதமையாலும், பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டுக்கு அவனைச் சென் லூயிஸ் நகருக்கு அனுப்பத் டொக்டர் ஏற்பாடு செய்தார். அங்கே றிச்சட் ஹட்லின் என்னும் ஆசிரியர் அவனைப் பொறுப்பேற்றார். 1961 ஆம் ஆண்டில் சார்லற்ஸ்வில் நகரின் தேசிய உயர்நிலைப் பள்ளிப் போட்டியிலே ஆதர் ஆஷ் வாகை சூடினான். இரண்டு பிள்ளைகள் முதற் சுற்றிலே வீழ்ந்து திரும்பிய அதே போட்டி. இடையிலே சென்றவை பத்து ஆண்டுகள். டொக்டர் ஜோன்சன் வேண்டியது கிடைத்துவிட்டது.

அதற்குப் பின்னர் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 1963 இல் டேவிஸ் கிண்ண அமெரிக்க அணியிலே இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் ஆனார் ஆஷ். 1965 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தனியாட்டப் பட்டத்தையும், 1968 இல் அமெரிக்கப் பகிரங்கப் பட்டத்தையும், 1970 இல் அவுஸ்திரேலியப் பட்டத்தையும் வென்றார். 1975 இல் விம்பிள்டன் இறுதியாட்டத்திலே ஜிம்மி கொனர்ஸ் என்னும் பெருவீரரை வீழ்த்தினார். ஓங்கி அடிப்பவருக்கு எதிரே ஓங்கி அடியாமல், மெல்லவும் தாழவும் பந்தை அனுப்பி, அளந்து ஆடி வென்ற வெற்றி அது. அதனைக் காண ஆசான் இல்லை. டொக்டர் ஜோன்சன் 1971 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே காலமாகியிருந்தார்.

அடக்கம் அச்சமா?

டொக்டரின் முறையைக் குறை கூறுவோரும் இருந்தனர், இன்றும் இருக்கலாம். வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று ஏற்றுக்கொள்ளச் சொல்வது, அநீதியை ஏற்றுக்கொள்ளச் சொல்வதாகாதா? பிறருக்கு இல்லாத விதியைத் தம் பிள்ளைகளுக்கு மட்டும் விதிப்பது, தம்மைத் தாமே தாழ்த்துவதாகாதா? 1960களிலே கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் கொழுந்து விட்டெரிந்தபோது, ஆதர் ஆஷ் மிகவும் அமைதியாய் இருக்கிறார் என்று அவ்வினத்து இளைஞர் சிலரே குறைபட்டனர். இக்கேள்வியை எளிதிலே தள்ளிவிடல் தகாது. அவ்விதி நியாயமானதன்று, பத்து வயதுப் பிள்ளையின் தோளிலே ஏற்றத்தகாத பாரம் அது. அப்பாரத்தை ஏற்றியது டொக்டரா, அவரைச் சூழ்ந்திருந்த சமூகமா என்பதையும் நாம் சிந்திக்கவேண்டும்.

விடை ஆஷின் பிற்கால வாழ்விலே இருக்கிறது என்பது என் கருத்து. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாபிரிக்காவிலே 1973 இல் சென்று ஆடி, அங்குள்ள கறுப்பின இளைஞருக்கு நம்பிக்கை ஊட்டியவர் அவர். 1985 இல் வாஷிங்டனிலே தென்னாபிரிக்கத் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார். 1992 இல், நோயுற்ற நிலையிலும், ஹெயிட்டி நாட்டு அகதிகளுக்காக வெள்ளை மாளிகையின் முன் நின்று மீண்டும் கைதானார். அடுத்த ஆண்டு பெப்ரவரியிலே உயிர் நீத்தார். இரண்டு அங்குலத்துக்காக வாதாடாமல் இருக்கப் பழகியவர், வாதாடியே தீரவேண்டிய இடம் எது என்பதையும் அறிந்திருந்தார். டொக்டரும் அப்படிப்பட்டவரே. பிள்ளைகளை அடக்கமாய் இருக்கச் சொன்ன அவர்தான், சார்லற்ஸ்வில் அதிகாரியிடம் தாமே சென்று, இடம் எங்கே என்று கேட்டவர்.

நமது நாட்டிலும் இத்தகைய போராட்டம் நடந்திருக்கிறது. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பள்ளிக்கூடங்களிலே சம ஆசனத்துக்கும் சமபந்தி போசனத்துக்கும் குரல் கொடுத்தது. 1968 ஆம் ஆண்டில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலிலே, உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டு மக்கள் நிற்கவேண்டியிருந்தது. ஏகலைவனுக்குக் கற்பிக்க மறுத்த துரோணர் கதையை நாம் பாரதத்திலே படிக்கிறோம். மறுக்கப்பட்ட ஏகலைவர்களைத் தேடிச் சென்று, சோறூட்டி, வில்லும் கொடுத்து, கட்டைவிரலைக் கேளாமல் அனுப்பிவைத்த ஓர் ஆசானின் கதையே டொக்டர் ஜோன்சனின் கதை. சைவ நெறி போற்றும் நாம் இவ்விரு ஆசான்களுள் எவரைப் பின்பற்றுகிறோம் என்பதை நம் நெஞ்சையே கேட்டுக்கொள்வோமாக.

நமக்கு உரிய பாடம்

தமிழ்நாட்டின் இராமநாதன் கிருஷ்ணன் 1954 இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆம் ஆண்டுகளிலே அரையிறுதி வரை சென்றதை நம் பெரியோர் நினைவில் வைத்திருப்பர். அவருக்கு ஆசானாக வாய்த்தவர் அவர் தந்தையாரே. தந்தை மகனுக்குக் கற்பித்தல் இயல்பு. ஊர் பேர் தெரியாத பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கொண்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கோடை தோறும் தமது வீட்டையும் கைப்பணத்தையும் ஓய்வையும் கொடுத்தல் அரிது. அதனால்தான் 2009 ஆம் ஆண்டில் உலக ரெனிஸ் புகழ் மண்டபத்திலே, பெரும் பட்டம் எதனையும் தாம் வெல்லாத அவருக்கும் இடம் அளித்தார்கள். பியர்ஸ் வீதி வீடு வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் ரெனிஸ் திடல் காண்பது அரிது. ரெனிஸ் பந்தோ ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பனைமட்டையாலே கிரிக்கெற் அடிக்க நம் சிறுவர்கள் பயன்படுத்துவது அதனையே. அப்பந்து ஒன்றும், தும்புத்தடிக் கம்பு ஒன்றும், சனசமூக நிலையத்தின் சாந்து பூசிய சுவர் ஒன்றும் இருந்தாற் போதும். டொக்டர் ஜோன்சனின் முதல் இரண்டு பாடங்களை நாளைக்கே தொடங்கலாம். சுவரிலே 3 அடி உயரத்திலே ஒரு கோடு கீறினால் அதுவே வலை. குறிகட்டுவான் துறையிலே படகுக்குக் காத்து நின்று படிக்கச் செல்லும் பிள்ளைக்கு, மாலையிலே திரும்பி வரும்போது கற்பிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணமே பெரும் ஊக்கமாகும். கற்பிப்பது ரெனிஸாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கணிதமாகலாம், பண்ணிசையாகலாம், நீச்சலாகலாம். முதல் ஆட்டத்திலே நம் பிள்ளைகள் தோற்கவும் கூடும். அத்தோல்வியைக் கண்டு, மறுநாட் காலையிலே வளவைப் பெருக்கத் தொடங்குகின்ற ஒருவர் ஒவ்வொரு தீவிலும் தோன்றவேண்டும்.

வாலிப அன்பர்களே, அப்படி ஒருவர் நம் சங்கத்திலிருந்தே புறப்படுவாராக. பெரியோர்களே, அவருக்கு உங்கள் வளவின் படலையைத் திறந்து விடுங்கள். டொக்டர் ஜோன்சனின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய சிறப்பு இதுவே.